வில்லெம் ஐந்தோவன்

வில்லெம் ஐந்தோவன் (மே 21, 1860 – செப்டம்பர் 29, 1927) நெதர்லாந்து நாட்டு மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். இதயம் துடிக்கும்பொழுது எழும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றங்களை உள்ளது உள்ளபடி வரைந்து காட்டும் இழைக் கால்வனாமீட்டர் என்னும் கருவியை இவர் உருவாக்கினார். மருத்துவமனைகளில் ஈ.சி.ஜி என்று அழைக்கப்படும் இதய மின்துடிப்பு வரைவு இக்கருவியின் வழியாகவே நடைமுறை மருத்துவத்துக்கு வந்தது. இப்பணிக்காக 1924 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

இதயத்தில் மின்னோட்டம் எழுவதை முதலில் கண்டவர் ஐந்தோவன் அல்லர். தவளையின் இதயத்தில் அதனைக் கோலிக்கர், முல்லர் என்னும் அறிஞர்கள் 1856 ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டனர். மனித இதயத்தின் மின்வரைவை முதலில் எடுத்தவரும் இவர் அல்லர். ஆனால் அந்த வரைவு உண்மையானதா, அதிலுள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் இதயத்தில் நிகழ்வதைக் காட்டுகின்றனவா அல்லது கருவியின் குறையைக் காட்டுகின்றனவா என்ற கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டு விடை கண்டவர் இவரே. சிறிய மின்குறிகையைப் பெரிதாக்கும் மின்னணுப் பெருக்கி எதுவும் அன்று இல்லை என்பதை இக்கட்டுரையைப் படிக்கும்பொழுது நினைவில் கொள்ள வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

ஐந்தோவன் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியப் பகுதியான ஜாவாத் தீவில், செமாராங் நகரில் பிறந்தார். தந்தை யாக்கோபு ஐந்தோவன் படை மருத்துவராக இருந்து, பின்னர் அந்நகரில் பொது மருத்துவராகப் பணியாற்றியவர். தாயார் லூயிசு டி வோகல். ஆறு குழந்தைகளில் மூன்றாமவரான வில்லெமே ஆண் மக்களில் மூத்தவர். இவருடைய ஆறாவது வயதில் தந்தை இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1870 இல், தாயார் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்துக்குத் திரும்பி உட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

1878 ஆம் ஆண்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். படித்து முடித்தபின் தந்தையைப் போலக் குடியேற்ற நாடுகளில் படை மருத்துவராகப் பணிபுரிவது என்பதே அப்போதைய ஏற்பாடு. மாணவப் பருவத்தில் உடற்பயிற்சியிலும் வாட்போர் விளையாட்டிலும் படகு வலித்தலிலும் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். ஒரு முறை கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுடன் ஓய்வில் இருந்த நாட்களில் தம் கையையே பார்த்து, முன்கை திரும்புவது எப்படி, அதில் முழங்கை மூட்டின் பங்கு என்ன என்று ஆராயத் தொடங்கினார். முழங்கை மூட்டைப் பற்றி 1882 இல் வெளிவந்த கட்டுரையே இவருடைய முதல் அறிவியல் கட்டுரை.

உட்ரெக்டில் இவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் பெரியவர்கள். கண்ணின் இயற்பியலில் பெயர் பெற்ற டாண்டர்சு ஒருவர். கண் மருத்துவமனைச் சுவரில் பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்து வரை அடுக்கியிருக்கும் பார்வை அட்டையை ஆக்கிய சினெல்லன் மற்றொருவர். சினெல்லனிடம் ஐந்தோவன் உதவியாளராகவும் இருந்தார். வண்ண வேறுபாட்டால் தோன்றும் ஆழ உணர்வு பற்றிய ஆய்வேட்டுக்கு 1885 இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு முடிவதற்குள் லைடன் பல்கலைக்கழகம் இவரை உடலியங்கியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அப்பொழுது வயது 25. படை மருத்துவப் பணி அத்துடன் கைவிடப்பட்டது. 1886 சனவரியில் பொறுப்பேற்ற ஐந்தோவன், இறக்கும் வரை 41 ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார். அவ்வாண்டிலேயே தம் உறவினரான பிரெடெரிக் டி வோகலை மணந்தார். இவர்களுக்கு நான்கு குழந்தைகள்.

வாலரின் வரைவு

இலண்டனில் புனித மேரி மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அகசுடசு வாலர் 1887 ஆம் ஆண்டு மனித இதயத்தின் மின்வரைவை முதன்முதலாக எடுத்தார். மார்பைத் திறக்காமல், தோலின் மேல் மின்முனைகளை வைத்தே இதயத்தின் மின்மாற்றங்களை அறியலாம் என்று அவர் காட்டியது பெரிய செய்தியாக இருந்தது. தம் புல்டாக் நாய் ஜிம்மியின் கால்களை உப்பு நீர்ப் பாத்திரங்களில் வைத்தும் அவர் செய்து காட்டுவது வழக்கம். இது கொடுமை என்று 1909 இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு அந்த நாய் புகழ் பெற்றிருந்தது. 1889 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய முதல் பன்னாட்டு உடலியங்கியல் மாநாட்டில் வாலர் செய்து காட்டியதைக் கண்டவர்களுள் ஐந்தோவனும் ஒருவர்.

வாலர் பயன்படுத்தியது லிப்மன் என்னும் பிரெஞ்சு இயற்பியலாளர் 1870களில் ஆக்கிய நுண்புழை மின்மானி. மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் பாதரசமும் நீர்த்த கந்தக அமிலமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மின்னழுத்தம் மாறினால் அவை தொடும் இடத்தில் பரப்பு இழுவிசை மாறிப் பாதரசம் சற்றே ஏறும் அல்லது இறங்கும். அந்த அசைவின் நிழலை, நகரும் ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்வார்கள். குறை என்னவென்றால், பாதரசம் கனமானது. விரைவான மாற்றத்துடன் அதனால் ஓட இயலாது. நொடியில் நூற்றில் சில பங்கு நேரமே நீடிக்கும் கூர்மையான அலை, பாதரசத்தில் மழுங்கிய மேடாகத்தான் தெரியும்.

இதைச் சரிசெய்ய ஐந்தோவன் இரண்டு வழிகளில் முயன்றார். முதல் வழி எளியது. ஆய்வகத்தை அதிர்விலிருந்து காப்பது. கல் பாவிய தெருவில் குதிரை வண்டிகள் செல்லும்பொழுதெல்லாம் பாதரசம் நடுங்கியதால், தரையைத் தோண்டிக் கற்களை நிரப்பி அதன்மேல் கருவியை நிறுத்தினார் என்பர். அதனால் போதிய பயன் கிட்டவில்லை. இரண்டாவது வழி கணிதம். கருவி எவ்வளவு பின்தங்குகிறது என்பதை அளந்து தெரிந்துகொண்டால், பதிந்த மழுங்கிய கோட்டிலிருந்து உண்மையான கோட்டைக் கணக்கிட்டு மீட்க முடியும். இதற்கு வேண்டிய நுண்கணிதத்தை மருத்துவரான ஐந்தோவன் தாமே கற்றுக்கொண்டார். புகழ்பெற்ற கோட்பாட்டு இயற்பியலாளர் லோரன்சு அக்காலத்தில் லைடனில் பேராசிரியராக இருந்தது இங்கே குறிப்பிடத்தக்கது.

1895 ஆம் ஆண்டு ஐந்தோவன் வெளியிட்ட திருத்திய வரைவில் ஐந்து அலைகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். திருத்தாத வரைவின் அலைகளுக்கு ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளை முன்பே இட்டிருந்ததால், இரண்டும் குழம்பாதிருக்க அகரவரிசையின் பிற்பகுதிக்குச் சென்றார் என்பது பொதுவான விளக்கம். வளைகோட்டின் புள்ளிகளுக்குப் பி முதலான எழுத்துகளை இடும் வடிவியல் வழக்கத்தைப் பின்பற்றினார் என்று கருதுவோரும் உண்டு. இப்பெயர்கள் இன்றளவும் மாறவில்லை. இவற்றுள் பி அலை இதயத்தின் மேலறைகளும், கியூ-ஆர்-எஸ் தொகுதி கீழறைகளும் மின்தூண்டல் பெறுவதைக் குறிக்கும். டி அலை கீழறைகள் பழைய நிலைக்கு மீள்வதைக் குறிக்கும்.

இழைக் கால்வனாமீட்டர்

ஒவ்வொரு வரைவையும் நாட்கணக்கில் அமர்ந்து கணக்கிட்டுத் திருத்துவது நோயாளிகளுக்கு உதவாது. எனவே திருத்தமே தேவைப்படாத கருவி ஒன்றை ஆக்க ஐந்தோவன் முனைந்தார். அக்காலத்தில் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கப் பயன்பட்டது டெப்ரே-தார்சன்வால் கால்வனாமீட்டர். அதில் காந்தத்தின் நடுவே பல சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருள் தொங்கும். மின்னோட்டம் பாயும்பொழுது சுருள் திரும்பும். சுருளின் எடையே அதன் வேகத்துக்குத் தடை. சுற்றுகளைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்த ஐந்தோவன், இறுதியில் சுருளே வேண்டாம், காந்த முனைகளுக்கு இடையே நிமிர்ந்து நிற்கும் ஒரே ஓர் இழை போதும் என்ற முடிவுக்கு வந்தார். மின்னோட்டம் பாயும்பொழுது காந்தப் புலம் அந்த இழையை ஒரு பக்கமாகத் தள்ளும். மின்னோட்டம் கூடினால் விலகலும் கூடும். (பாடநூல்களில் இந்த விசைக்குரிய பெயர் லோரன்சு விசை என்பது.)

இழை மின்கடத்தியாகவும் இருக்க வேண்டும், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெல்லியதாகவும் இருக்க வேண்டும், அறுந்துவிடவும் கூடாது. ஆங்கிலேய இயற்பியலாளர் பாய்சு 1887 இல் கண்ட முறை இங்கே கைகொடுத்தது. குவார்ட்சுத் துண்டைச் சுடரில் உருக்கி, அதன் ஒரு முனையை அம்பில் இணைத்து, அறையின் மறுமுனைக்கு எய்துவிடுவர். பறக்கும் அம்பின் பின்னால் உருகிய குவார்ட்சு நீண்டு, காற்றிலேயே குளிர்ந்து இழையாகிவிடும். அவ்வாறு கிடைத்த, சுமார் 2 மைக்குரோமீட்டர் தடிமனுள்ள இழையின் மேல் ஐந்தோவன் வெள்ளிப் பூச்சு இட்டார். மனிதத் தலைமயிரின் தடிமனில் இது முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

இழை மெல்லியது; அதைச் சுற்றியிருந்த மற்றவை அனைத்தும் பருத்தவை. வேண்டிய காந்தப் புலத்தைத் தருவதற்கு மிகப் பெரிய மின்காந்தம் தேவைப்பட்டது. அது சூடேறாதிருக்க நீரோட்டத்தால் குளிர்விக்கப்பட்டது. காந்தத்தின் முனைகளில் துளையிட்டு, ஒரு புறம் வில்விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, மறுபுறம் நுண்ணோக்கியின் மூலம் இழையின் நிழலைச் சில நூறு மடங்கு பெரிதாக்கி, மெல்ல நகரும் ஒளிப்படத் தகட்டில் விழச் செய்தார். கருவி முழுவதும் சுமார் 270 கிலோகிராம் எடை கொண்டது. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புக் கரைசல் நிரம்பிய சாடிகளில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சாடிகளே மின்முனைகள்.

புதிய கால்வனாமீட்டரைப் பற்றிய முதல் கட்டுரை 1901 இலும், அதனால் எடுத்த மனித இதய வரைவுகள் பற்றிய விரிவான கட்டுரை 1903 இலும் வெளிவந்தன. இவற்றில் மருத்துவ வரலாற்றில் அரிதாகக் காணப்படும் ஒரு நிறைவு உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் பாதரசக் கருவியின் மழுங்கிய கோட்டிலிருந்து கணக்கிட்டு மீட்ட வரைவும், இப்பொழுது இழை நேரடியாக வரைந்த வரைவும் ஒத்திருந்தன. கணக்கு பிழையற்றது என்பதை இழையும், இழை நம்பத்தக்கது என்பதைக் கணக்கும் காட்டின.

இழையின் இறுக்கத்தைத் திருகாணியால் கூட்டவும் குறைக்கவும் முடிந்ததால், கருவியின் உணர்திறனையும் விரும்பியபடி அமைக்க முடிந்தது. 1 மில்லிவோல்ட்டு மின்னழுத்தத்துக்கு இழையின் நிழல் சரியாக 1 சென்டிமீட்டர் நகர வேண்டும். தகடு நொடிக்கு 25 மில்லிமீட்டர் செல்ல வேண்டும் என்று ஐந்தோவன் வரையறுத்தார். எந்த ஊரில், எந்த நாளில் எடுத்த வரைவானாலும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது இந்த வரையறையால்தான்.

இழைக் கால்வனாமீட்டரை முதலில் ஆக்கியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் கிளமென் ஏடர் கடலடித் தந்திக் குறிகளைப் பெறுவதற்கு, காந்தப் புலத்தில் ஒற்றைக் கம்பியைப் பொருத்திய கருவி ஒன்றை 1897 இலேயே அறிவித்திருந்தார். அடிப்படைக் கொள்கை ஒன்றே என்பதை மறுக்க முடியாது. ஆயினும் தந்திக்குக் குறி வந்ததா இல்லையா என்று தெரிந்தால் போதும். அதன் அளவு தேவையில்லை. ஏடரின் கருவியைக் கொண்டு இதயத்தின் மின்னழுத்தத்தை அளந்திருக்க முடியாது.

தொலைவிலிருந்து வரைவு

270 கிலோகிராம் கருவியை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. நடக்க இயலாத இதய நோயாளியை ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதும் அறிவுடைமை ஆகாது. லைடன் மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே சுமார் 1.5 கிலோமீட்டர் தொலைவு. இரண்டையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்துவிடலாம் என்ற எண்ணத்தை இயற்பியலாளர் பாசா முன்வைத்தார். 1905 மார்ச் 22 அன்று மருத்துவமனையில் இருந்தவரின் இதய வரைவு கம்பி வழியே வந்து ஆய்வகத் தகட்டில் பதிவானது. ஐந்தோவன் இதனைத் தொலை இதய வரைவு என்று அழைத்தார். தொலைமருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர் இந்த நாளைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

இம்முறையில் திரட்டிய வரைவுகளை 1906 இல் வெளியிட்டார். நோயுற்ற இதயங்களின் வரைவுகள் முறையாகத் தொகுக்கப்பட்டது அதில்தான். மேலறைகளும் கீழறைகளும் தடித்திருத்தல், உரிய காலத்துக்கு முன்னரே வரும் துடிப்பு, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்கடத்தல் முழுதும் தடைபடுதல் ஆகியவை அவ்வரைவுகளில் இனங்காணப்பட்டன. அதுவரை மருத்துவர்கள் நாடியைத் தொட்டும் மார்பில் காதை வைத்தும் ஊகித்து வந்தவை இவை.

கருவி ஊர்களுக்குப் பரவியது

முதலில் மியூனிக் நகரின் எடல்மன் நிறுவனம் இக்கருவியைச் செய்து விற்றது. ஐந்தோவனுக்கு ஒவ்வொரு கருவிக்கும் உரிமைத்தொகை தர ஒப்புக்கொண்டிருந்த எடல்மன், காந்தத்தைத் தாம் திருத்தி அமைத்தபின் அதனை நிறுத்திவிட்டார். ஐந்தோவன் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு அறிவியல் கருவி நிறுவனத்தை நாடினார். பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லசு டார்வினின் மகன் ஒரேசு டார்வின் நிறுவியது அது. பிளாட்டினக் கம்பியின் மின்தடை மாற்றத்தைக் கொண்டு வெப்பநிலையை அளந்து தாளில் தொடர்ந்து வரையும் காலண்டர் பதிவுக்கருவியை அந்நிறுவனம் ஏற்கெனவே செய்து வந்தது. நுண்ணிய மின்மாற்றத்தைக் கோடாக மாற்றும் கலை அதற்குப் புதியதன்று. 1908 இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சேபர் அந்நிறுவனத்தின் இதய வரைவுக் கருவி ஒன்றை வாங்கினார். 1911 ஐ ஒட்டி மேசையில் வைத்து இயக்கத்தக்க வடிவம் வந்தது.

ஆயினும் இதனால் மருத்துவமனைகளுக்குப் பெரும் பயன் விளையும் என்று எல்லோரும் நம்பவில்லை. முதல் மனித வரைவை எடுத்த வாலரே, இது அரிதாக எப்போதாவது பயன்படக்கூடும் என்ற அளவில்தான் 1911 ஆம் ஆண்டிலும் மதிப்பிட்டார். அம்மதிப்பீட்டைப் பொய்யாக்கியவர்களுள் முதன்மையானவர் இலண்டன் மருத்துவர் தாமசு லூயிசு. ஒழுங்கற்றுத் துடிக்கும் நாடிக்கு மேலறைகளின் நடுக்கம் காரணமாவதை 1909 இல் அவர் மின்வரைவுகளால் நிறுவினார். வியன்னாவின் ரோத்பெர்கரும் வின்டர்பெர்கும் அதே ஆண்டில் தனியே அதே முடிவுக்கு வந்தனர். லூயிசுக்கும் ஐந்தோவனுக்கும் இடையே நீண்டகாலக் கடிதத் தொடர்பு இருந்தது. கருவியையும் அதன் இயற்பியலையும் ஐந்தோவன் அறிந்திருந்தார்; நோயாளிகளை லூயிசு அறிந்திருந்தார். பிற்காலத்தில் ஐந்தோவன் தம் வெற்றியில் லூயிசுக்குரிய பங்கைத் தயக்கமின்றிச் சொல்லி வந்தார்.

ஐந்தோவன் முக்கோணம்

வலக்கை, இடக்கை, இடக்கால் ஆகிய மூன்று இடங்களுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாடுகளை மூன்று இணைப்புகளாக ஐந்தோவன் அமைத்தார். இரு கைகளுக்கு இடையே எடுப்பது முதல் இணைப்பு. வலக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே எடுப்பது இரண்டாவது. இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே எடுப்பது மூன்றாவது. இம்மூன்றையும் சமபக்க முக்கோணத்தின் பக்கங்களாகவும் இதயத்தை அதன் நடுவில் உள்ளதாகவும் கொண்டால், இதயத்தின் மின்விசை ஒவ்வொரு கணமும் எந்தத் திசையை நோக்குகிறது என்பதைக் கணக்கிடலாம். இதனை 1912 இல் இலண்டனில் ஆற்றிய உரையிலும், 1913 இல் பார், டி வார்ட் ஆகியோருடன் எழுதிய கட்டுரையிலும் விளக்கினார். மனித உடல் சமபக்க முக்கோணம் அன்று என்பது அவருக்குத் தெரியும். பயன் கருதிய எளிமையாக்கம் இது. முதல் இணைப்பின் அளவையும் மூன்றாவதன் அளவையும் கூட்டினால் இரண்டாவதன் அளவு வரவேண்டும் என்பது ஐந்தோவன் விதி. வராவிட்டால் கம்பிகள் இடம்மாறியிருக்கலாம் என்று இன்றும் ஐயுறுவர்.

பிற ஆய்வுகள்

இதய ஒலிகளைப் பதிவு செய்தல், ஒளிபட்டவுடன் விழித்திரையில் எழும் மின்மாற்றம், நரம்புகளில் செல்லும் மின்னோட்டம், மூச்சுக்குழல் தசைகள் ஆகியவற்றையும் ஆராய்ந்தார். மின்பொறியாளரான மகன் வில்லெம் பிரெடெரிக், இழையை வெற்றிடத்தில் வைத்து அதன் வேகத்தைக் கூட்டினார்; அது கம்பியில்லாத் தந்திக் குறிகளைப் பெறப் பயன்பட்டது. அவர் பின்னர் ஜாவாவில் பாண்டுங் நகர வானொலி ஆய்வகத்தின் இயக்குநரானார்.

நோபல் பரிசும் இறுதிக் காலமும்

நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட 1924 இலையுதிர் காலத்தில் ஐந்தோவன் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பரிசு பெற்றோருக்குரிய உரையை அடுத்த ஆண்டு திசம்பர் 11 அன்றுதான் சுடாக்கோமில் நிகழ்த்தினார். முதல் கருவியைக் கட்டுவதில் பல ஆண்டுகள் துணைநின்ற ஆய்வகத் தொழிலாளர் ஃபான் டெர் வூர்ட் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் இருப்பதை அறிந்து, பரிசுத் தொகையில் பாதியை அவர்களுக்கு ஐந்தோவன் அளித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். 1926 இல் இலண்டன் அரச கழகம் இவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தது.

நெடுநாள் நோயுற்றிருந்த ஐந்தோவன் 1927 செப்டம்பர் 29 அன்று லைடனில் காலமானார். அருகிலுள்ள ஊக்சுகீசிட் ஊரின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கருவியின் பிற்கால வரலாறு

வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் 1920களின் பிற்பகுதியிலிருந்து இதய வரைவுக் கருவிகளில் இடம்பெறத் தொடங்கின. உடையும் இழையும் கனத்த காந்தமும் படிப்படியாக மறைந்தன. பின்னர் திரான்சிசுடர்கள் வந்து கருவியைக் கையில் தூக்கிச் செல்லும் பெட்டியாக்கின. 1920 இல் நியூயார்க்கு மருத்துவர் பார்டி, இதயத் தமனி அடைபடும்பொழுது வரைவில் தோன்றும் மாற்றத்தை விளக்கியதிலிருந்து மாரடைப்பைக் கண்டறியவும் இது பயன்பட்டது. ஐந்தோவனின் மூன்று இணைப்புகளுடன் 1930களில் வில்சன் உருவாக்கிய மார்பு இணைப்புகளும் 1942 இல் கோல்ட்பெர்கர் சேர்த்தவையும் கூடிப் பன்னிரண்டு இணைப்புகளாயின. எண்ணிமக் கருவிகள் வரையும் கட்டமிட்ட தாளிலும் அகலவாக்கில் 1 மில்லிமீட்டர் 0.04 நொடியையும், உயரவாக்கில் 1 மில்லிமீட்டர் 0.1 மில்லிவோல்ட்டையும் குறிக்கும். இவை லைடன் ஆய்வகத்தில் இழையின் நிழலுக்கு ஐந்தோவன் வகுத்த அளவுகளே.